எறிந்தவர், எறியவைத்தவர்: ஸ்டீவ் ஸ்பரியர் பற்றி வாசகர் கேள்விகள்

2028 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் கிரிக்கெட்டோடு, இடுப்புக் கொடியைப் பறித்து ஆளை நிறுத்தும் ஃப்ளாக் ஃபுட்பாலும் சேர்கிறது என்று சென்ற இதழில் எழுதியிருந்தோம். அதில், அமெரிக்கன் ஃபுட்பாலில் குவார்ட்டர்பேக்காக ஆடிப் பிறகு கல்லூரி அணிகளின் கோச்சாகக் கொடிகட்டிப் பறந்த ஸ்டீவ் ஸ்பரியரின் பெயர் ஒரே ஒரு வரியில் வந்தது. அந்த ஒரு வரிக்குப் பெங்களூர் வாசகர்கள் கேட்ட கேள்விகள் இவை.

என் பேத்தி ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தில் எம்.எஸ். படிக்கிறாள். அங்கே மைதானத்துக்கே இவர் பெயர்தானாம். அப்படி என்ன செய்துவிட்டார்? கிரிக்கெட் தவிர வேறெதுவும் தெரியாத எனக்குப் புரிகிற மாதிரி சொல்லுங்கள்.
*– ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி, ஜெயநகர்*

பேத்தி சொன்னது சரிதான் ஐயா. ஸ்டேடியத்துக்குப் பெயர் பென் ஹில் கிரிஃபின். உள்ளே இருக்கும் ஆடுகளம் 2016 முதல் 'ஸ்டீவ் ஸ்பரியர்–ஃப்ளோரிடா ஃபீல்ட்'. அந்த ஸ்டேடியத்தை ஊரே 'ஸ்வாம்ப்' என்று கூப்பிடுகிறதே, அந்தப் பட்டப்பெயரைச் சூட்டியவரும் இவர்தான்.

ஆட்டத்தை முதலில் இரண்டு வரியில் பார்த்துவிடலாம். பக்கத்துக்குப் பதினோரு பேர். பந்து வைத்திருக்கும் அணிக்கு 10 யார்டு முன்னேற நான்கு வாய்ப்பு. முன்னேறினால் மறுபடி நான்கு, இல்லாவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். அநேகமாக ஒவ்வொரு வாய்ப்பிலும் பந்தை முதலில் கையில் வாங்குகிறவர் குவார்ட்டர்பேக். தானே ஓடுவதா, பின்னால் நிற்பவரிடம் கொடுப்பதா, முன்னால் ஓடுகிற ஐந்து பேரில் ஒருவருக்கு எறிவதா என்று மூன்று விநாடிக்குள் முடிவு செய்ய வேண்டியது அவர் பொறுப்பு.

ஸ்பரியர் 1945ல் மயாமி பீச்சில் பிறந்தார், வளர்ந்தது டென்னஸியில் ஜான்சன் சிட்டி. ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தின் குவார்ட்டர்பேக்காக 1966ல் ஹைஸ்மன் கோப்பை வாங்கினார். அந்த ஆண்டின் மிகச் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்குக் கொடுப்பது அது. அதற்கு அஸ்திவாரம் போட்டது ஆபர்ன் அணியுடன் ஆடிய ஆட்டம். கடைசி நிமிடங்களில் 27-27 என்று சமன். கோல் உதைக்க வேறு ஆள் இருந்தும், நானே உதைக்கிறேன் என்று முன்வந்து 40 யார்டிலிருந்து போட்டார். 30-27.

பிறகு நடந்தது அவ்வளவு பிரகாசமில்லை. 1967ல் என்.எஃப்.எல். என்ற தொழில்முறை லீகின் புது ஆட்டக்காரர் தேர்வில் சான்பிரான்சிஸ்கோ 49அர்ஸ் அவரை மூன்றாவது ஆளாகத் தேர்ந்தெடுத்தது. அங்கே ஜான் ப்ரோடி என்ற நிலைபெற்ற குவார்ட்டர்பேக் இருந்ததால், பெரும்பாலும் மாற்று ஆளாக நிற்பதும் 'பண்ட்' உதைப்பதுமாக (பந்தை எதிரணிப் பக்கம் தூரமாக உதைத்துக் கொடுப்பது)க் காலம் போனது. 1976ல் புதிதாகத் தொடங்கிய டாம்பா பே அணிக்குப் போனார். அந்த அணி 14 ஆட்டம் ஆடி 14லும் தோற்றது. பத்து வருஷத்தில் பாதிக்கு மேல் ஓரத்தில் நின்று பார்த்ததுதான் இவருக்குக் கோச் படிப்பு என்பது என் அபிப்பிராயம்.

1978ல் ஃப்ளோரிடாவில் குவார்ட்டர்பேக்குகளுக்கான உதவிக் கோச், அடுத்த ஆண்டு ஜார்ஜியா டெக், 1980லிருந்து டியூக். 1983 முதல் மூன்று சீசன் யு.எஸ்.எஃப்.எல். என்ற போட்டி லீகில் டாம்பா பே பேண்டிட்ஸின் தலைமைக் கோச். 1987ல் தலைமைக் கோச்சாக டியூக்குக்குத் திரும்பினார். படிப்புக்கும் கூடைப்பந்துக்கும் பேர்போன கல்லூரி அது, இந்த ஆட்டத்தில் யாரும் மதிக்க மாட்டார்கள். 1962க்குப் பிறகு ஒரு லீக் பட்டத்தைக்கூடக் காணாத அந்த அணி 1989ல் ஏ.சி.சி. லீக் பட்டத்தை வர்ஜீனியாவோடு பகிர்ந்துகொண்டது. பக்கத்து ஊர் எதிரி வட கரோலினாவை அவர்கள் மைதானத்திலேயே 41-0 என்று அடித்தது.

1990 முதல் 2001 வரை ஃப்ளோரிடா. அதுவரை அந்தக் கல்லூரி கணக்கில் நிற்கிற எஸ்.இ.சி. (அது ஆடும் லீக்) பட்டம் ஒன்றுகூட வென்றதில்லை. இவர் 1991, 93, 94, 95, 96, 2000 என ஆறு எடுத்தார், 1996ல் தேசிய சாம்பியன் பட்டமும். பன்னிரண்டு சீசனிலும் ஒன்பது வெற்றிக்குக் குறைந்ததே கிடையாது. பிறகு 2002, 2003ல் வாஷிங்டன் என்.எஃப்.எல். அணி, 2005 முதல் 2015 நடுவரை தென் கரோலினா. ஆட்டக்காரராக 1986லும் கோச்சாக 2017லும் கல்லூரி ஃபுட்பால் புகழரங்கில் இடம்பெற்றார். இரண்டு தகுதியிலும் உள்ளே போனவர்கள் மிகச் சிலர்.

'ஃபன் அண்ட் கன்' என்று இவர் ஆட்டமுறைக்குப் பெயராம். எல்லாப் பந்தையும் தூக்கி எறிந்துவிடுவதுதானே? இதில் என்ன நுட்பம்?
*– ராத்திரி விழித்து மேட்ச் பார்க்கும் ஐ.டி. ஊழியர், கோரமங்கலா*

எல்லாவற்றையும் எறிந்தார் என்பது வெளியில் பரவிய பிம்பம். எமிட் ஸ்மித் ஃப்ளோரிடாவில் வைத்துவிட்டுப் போன ஓட்டச் சாதனையை உடைத்த எரிக்ட் ரெட் ஓடியது ஸ்பரியர் அணியில்தான், மொத்தம் 4,163 யார்டு. எதிரணி பின்வாங்கி நின்றால் ஓடவிடுவார், முன்னேறி நின்றால் தலைக்கு மேல் எறியவிடுவார்.

நுட்பம் இருப்பது எறிகிற நேரத்தில். ஒரு உதாரணத்தைப் பிரித்துப் பார்க்கலாம். 'மில்ஸ்' என்று கோச்சுகள் இன்றும் சொல்லும் ஒரு ஆட்டத் திட்டம் உண்டு. 1990 அணியில் ஆடிய எர்னி மில்ஸ் பெயரால் வந்தது. உள்பக்க ரிசீவர் (எறிந்த பந்தைப் பிடிப்பவர்) நேராக 12 யார்டு ஓடி, சட்டென்று மைதானத்தின் நடுவை நோக்கிக் குறுக்கே வெட்டுவார். வெளிப்பக்க ரிசீவரும் அதே அளவு நேராக ஓடி, அவருக்குப் பின்னால் கோல்கம்பத்தை நோக்கிச் சாய்ந்து ஓடுவார். இவர்கள் இருவருக்கும் நடுவில் மாட்டிக்கொள்கிறவர் எதிரணியின் 'சேஃப்டி', கடைசி வரிசைக் காவலர்.

குவார்ட்டர்பேக் பார்ப்பது அந்த ஒரு ஆளை மட்டும். பந்தை வாங்கியதும் ஐந்து காலடி பின்வாங்குகிறார், அதாவது ஏழு யார்டு ஆழம். ஐந்தாவது அடி ஊன்றும்போது சேஃப்டியின் இடுப்பு எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். குறுக்கே வெட்டுகிறவர் மேல் பாய்ந்தால் பந்து அவர் தலைக்கு மேலே, பின்னால் ஓடுகிறவருக்கு. பின்வாங்கினால் குறுக்கே வருகிறவருக்கு. இரண்டில் எது என்பதை ஓரத்தில் நிற்கிற கோச் சொல்ல முடியாது, சேஃப்டிதான் சொல்லுவார்.

இதில் வழக்கமாக எங்கே தவறும் என்றால், புதுப் பையன் ரிசீவர் 'திறந்து' நிற்பதைக் கண்ணால் பார்த்த பிறகு எறிவான். அதற்குள் நேரம் கடந்துவிடும். பந்து காற்றில் போகும் ஒரு விநாடியில் காவலர் ஐந்தாறு யார்டு நெருங்கிவிடுவார். ரிசீவர் இன்னும் முதுகைக் காட்டி ஓடும்போதே பந்து கையை விட்டுப் போயிருக்க வேண்டும். அவர் திரும்பும்போது பந்து பாதி தூரம் வந்திருக்க வேண்டும். நம்பிக்கையின் பேரில் நடக்கிற காரியம் இது. ஒரே ரிசீவர் ஒருநாள் 12 யார்டிலும் மறுநாள் 14 யார்டிலும் வெட்டினால் அந்த நம்பிக்கை கெட்டுப்போகும். அதனால் இந்த ஆட்டமுறையில் பயிற்சியின் பெரும்பகுதி அடி எண்ணுவதிலேயே போகிறது.

இன்னொன்று. வரிசையில் வந்து நின்ற பிறகு எதிரணியின் கடைசி வரிசையில் ஒரு சேஃப்டி நிற்கிறாரா, இரண்டு பேரா என்று பார்த்து, சொன்ன ஆட்டத்தையே அங்கே நின்றபடி குரல்கொடுத்து மாற்ற குவார்ட்டர்பேக்குக்கு உரிமை உண்டு. இதற்கு 'ஆடிபிள்' என்று பெயர். ஆடுகளத்தில் நின்று பழகிய ஒருவர் கோச்சானதால்தான் இந்த அளவு சுதந்திரத்தைத் தைரியமாகக் கொடுத்தார் என்று எனக்குத் தோன்றுகிறது. தப்பாக மாற்றினால் வாங்கிக் கட்டிக்கொள்ளவும் வேண்டும். அவர் தலையில் போட்டிருக்கும் வைசர் தரையில் பறந்து விழுவதை அமெரிக்கா முழுக்க டி.வி.யில் பார்த்திருக்கிறது.

62-24 என்று நெப்ராஸ்காவிடம் உதைபட்ட அணி அடுத்த ஆண்டே சாம்பியன் ஆனது எப்படி? அதிர்ஷ்டமா?
*– பொறியியல் மாணவர், ராஜாஜிநகர்*

கொஞ்சம் அதிர்ஷ்டமும் உண்டு, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

1995 சீசனின் முடிவைத் தீர்மானித்தது 1996 ஜனவரி 2ல் நடந்த ஃபியஸ்டா பவுல் என்ற ஆட்டம். முதல் கால்பகுதி முடியும்போது ஃப்ளோரிடா 10-6 என்று முன்னால் இருந்தது. இரண்டாவது கால்பகுதியில் மட்டும் நெப்ராஸ்கா 29 புள்ளி எடுத்தது. குவார்ட்டர்பேக் டேனி வெர்ஃபலைச் சொந்தக் கோல் பகுதிக்குள்ளேயே வீழ்த்தி 'சேஃப்டி' புள்ளி (காவலருக்கும் இதற்கும் ஒரே பெயர்), பிறகு அவர் எறிந்ததை நடுவில் பறித்து ஓடி ஒரு டச்டவுன் (பந்தோடு எதிரணிக் கோல் பகுதிக்குள் போவது). மொத்த ஆட்டத்தில் நெப்ராஸ்கா ஓடியே 524 யார்டு எடுத்தது. ஃப்ளோரிடா ஓடி எடுத்தது மைனஸ் 28.

காரணம் எளிய கணக்கு. ஐந்து ரிசீவர்களை வெளியே அனுப்பினால் குவார்ட்டர்பேக்கைக் காக்க மிஞ்சுவது ஐந்து பேர். ஒருவரை நிறுத்திக்கொண்டால் ஆறு. எதிரணி ஏழு பேரை ஏவினால் ஒருவர் தடையில்லாமல் வந்துவிடுவார். ஆழமாக ஓடும் ஆட்டத்துக்கு மூன்று விநாடி வேண்டும், தடையில்லாமல் வருகிறவருக்கு இரண்டு விநாடி போதும். அதுவும் பந்தைக் கொடுக்கிற நடு ஆளான சென்டரின் பின்னால் ஒட்டி நின்று கைவைத்துப் பந்தை வாங்கிப் பின்வாங்கும் குவார்ட்டர்பேக்குக்கு அந்த முதல் விநாடி எதையும் நிதானமாகப் பார்க்க முடியாத விநாடி.

ஸ்பரியர் இரண்டு திருத்தம் செய்தார். ஒன்று, தடுப்பாட்டத்தை நடத்த கான்சஸ் ஸ்டேட்டிலிருந்து பாப் ஸ்டூப்ஸைக் கூட்டிவந்தார். தாக்குதல் என் கையில், தடுப்பு உன் கையில் என்று முழுசாக ஒப்படைத்தார். (ஸ்டூப்ஸ் பிற்பாடு ஓக்லஹோமாவுக்குத் தலைமைக் கோச்சாகப் போய் 2000ல் தேசிய சாம்பியன் ஆனார்.)

இரண்டாவது திருத்தம் கடைசி நேரத்தில் வந்தது. 1996 நவம்பர் 30ல் ஃப்ளோரிடா ஸ்டேட் அணி அதே நோயைக் காட்டியது. வெர்ஃபலை அடிமேல் அடி அடித்து 24-21 என்று வென்றது. அதே அணியோடு 1997 ஜனவரி 2ல் சுகர் பவுலில் மறுபடி மோத வேண்டி வந்தது. நடுவில் இருந்த ஒரு மாதத்தில் ஸ்பரியர் தனக்கு அவ்வளவாகப் பிடிக்காத 'ஷாட்கன்' முறையைக் கொண்டுவந்தார். குவார்ட்டர்பேக் தொடக்கத்திலேயே ஐந்து யார்டு பின்னால் நிற்பார், சென்டர் காலிடுக்கு வழியாகப் பந்தை அவருக்கு எறிவார். பின்வாங்கும் நேரம் மிச்சம். அதைவிட முக்கியம், கண் எதிரணியை விட்டு அகலவே வேண்டாம். நஷ்டமும் உண்டு: ஓட்ட ஆட்டத்தின் வேகம் குறையும், சென்டர் எறிவது பிசகினால் பந்து தரையில். வெர்ஃபல் 306 யார்டு எறிந்தார், மூன்று டச்டவுன், மூன்றும் ஐக் ஹில்லியர்டுக்கு. 52-20.

இப்போது அதிர்ஷ்டம். ஃப்ளோரிடா ஸ்டேட்டிடம் தோற்ற பிறகு பட்டம் போச்சு என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். டெக்சாஸ் அணி லீக் இறுதியாட்டத்தில் நெப்ராஸ்காவைக் கவிழ்த்தது. ஜனவரி 1ல் ஒஹாயோ ஸ்டேட், அதுவரை தோற்காத அரிசோனா ஸ்டேட்டைக் கவிழ்த்தது. கதவு திறந்துவிட்டது. வெர்ஃபல் அந்த ஆண்டின் ஹைஸ்மன் கோப்பையையும் வாங்கியிருந்தார். ஹைஸ்மன் வாங்கிய கோச்சிடம் ஆடியவர் ஹைஸ்மன் வாங்கியது அதுவே முதல் தடவை.

அப்பேர்ப்பட்டவர் என்.எஃப்.எல்.லில் ஏன் மண்ணைக் கவ்வினார்?
*– ஆர்.டி. நகர் வாசகர்*

ஐந்து ஆண்டுக்கு 2.5 கோடி டாலர் ஒப்பந்தத்தோடு போனவர் இரண்டே சீசனில் விலகினார். 2002ல் 7 வெற்றி 9 தோல்வி, 2003ல் 5 வெற்றி 11 தோல்வி. சோம்பேறி, காலையில் தாமதமாக வருவார், கோல்ஃப் ஆடப் போய்விடுவார் என்றெல்லாம் பேசினார்கள். டியூக்கிலும் ஃப்ளோரிடாவிலும் அதே மனிதர்தான், அதே கோல்ஃப்தான்.

ஆடுகளத்தை அளந்து பாருங்கள், பாதி பதில் கிடைக்கும். அகலம் இரண்டிலும் ஒன்றே, 160 அடி. ஆனால் பந்து வைக்கும் 'ஹாஷ்' கோடுகள் வேறு. கல்லூரியில் ஒரு கோட்டுக்கும் மறு கோட்டுக்கும் 40 அடி இடைவெளி. 1993க்கு முன்பு 53 அடி 4 அங்குலம், அதாவது மைதானத்தைச் சரியாக மூன்றாகப் பிரித்திருந்தது. என்.எஃப்.எல்.லில் வெறும் 18 அடி 6 அங்குலம். கல்லூரியில் பந்து ஒரு ஹாஷில் இருந்தால் ஒரு பக்கம் 60 அடி, மறுபக்கம் 100 அடி. எதிரணி அந்த அகலமான பக்கத்தைக் காக்க முன்கூட்டியே நகர்ந்து நிற்க வேண்டும், நகர்ந்ததும் அவர்கள் திட்டம் அம்பலமாகிவிடும். என்.எஃப்.எல்.லில் பந்து எப்போதும் ஏறக்குறைய நடுவில்தான். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி நின்றுகொண்டு, பந்து நகர்ந்த பிறகு வேடத்தைக் கலைக்கலாம். சேஃப்டியைப் படித்து எறியும் ஆட்டத்துக்கு, சேஃப்டி பொய் சொல்லத் தெரிந்தவராக இருந்தால் சிரமம்தானே.

மீதிப் பாதி ஆள் பலம். கல்லூரியில் நல்ல பையன்களைக் கோச்சே வீடு வீடாகப் போய்ப் பேசிச் சேர்க்கலாம். ஆண்டுக்கு நான்கைந்து ஆட்டத்திலாவது எதிரணியை விடத் தன் ரிசீவர்கள் வேகமானவர்கள் என்ற நிச்சயத்தோடு இறங்கலாம். அங்கே அப்படி ஒரு வாரம்கூடக் கிடையாது. இவரோ ஃப்ளோரிடாவில் தன்னிடம் ஆடிய பழைய பையன்களையே வாஷிங்டனுக்கும் கூட்டிவந்தார், வெர்ஃபல் உட்பட. அது தப்பான கணக்கு.

தென் கரோலினாவிலும் இதே எறிகிற ஆட்டம்தானா?
*– சி.வி. ராமன் நகர் வாசகி*

இல்லை அம்மா, அங்கேதான் மனிதர் மாறினார். ஆரம்ப ஆண்டுகளில் பழைய முறையை முயன்று ஆறு, ஏழு, எட்டு வெற்றி என்று இழுத்துக்கொண்டிருந்தார். பிறகு மாநிலத்துக்குள்ளேயே பிறந்து வளர்ந்த நல்ல பையன்களை வெளியூர்க் கல்லூரிகளுக்கு விடாமல் பிடித்தார்: ஸ்டெஃபன் கில்மோர், ஆல்ஷான் ஜெஃப்ரி, மார்கஸ் லாட்டிமோர், ஜடேவியன் கிளவுனி. லாட்டிமோர் போன்ற ஓட்டக்காரர் கையில் இருக்கும்போது எறிந்துகொண்டிருப்பது முட்டாள்தனம் என்று ஓட்டத்தை முன்னால் வைத்தார். 2010 அக்டோபரில் முதலிடத்தில் இருந்த அலபாமாவை 35-21 என்று வென்ற ஆட்டத்தில் குவார்ட்டர்பேக் ஸ்டீஃபன் கார்சியா எறிந்தது இருபதே தடவை, அதில் 17 சரியாகப் போய்ச் சேர்ந்தது. 2011, 12, 13 மூன்று ஆண்டும் 11 வெற்றி, 2 தோல்வி. அந்தக் கல்லூரி அதற்கு முன் பத்து வெற்றியைப் பார்த்ததே ஒரே ஒரு தடவை, 1984ல். என்னைக் கேட்டால் ஃப்ளோரிடா பட்டத்தைவிட இது கஷ்டமான காரியம்.

கோச் ஓரத்தில் இருக்கிறார், குவார்ட்டர்பேக் நடு மைதானத்தில். ஹெல்மெட்டில் ரேடியோ இருக்கிறதா?
*– பள்ளி மாணவி, சிவாஜிநகர்*

இப்போது இருக்கிறது. என்.எஃப்.எல்.லில் 1994லிருந்து, பெரிய கல்லூரி அணிகளுக்கு 2024லிருந்துதான். ஒரு நேரத்தில் களத்தில் அணிக்கு ஒரே ஒருவர் ஹெல்மெட்டில் மட்டும், அடையாளத்துக்குப் பின்னால் பச்சைப் புள்ளி ஒட்டியிருக்கும். 40 விநாடிக் கடிகாரத்தில் 15 விநாடி மிச்சம் இருக்கும்போது தானாகத் துண்டித்துவிடுவார்கள்.

ஸ்பரியர் காலத்தில் கல்லூரியில் கைச்சைகைதான். 1997ல் ஃப்ளோரிடா ஸ்டேட்டுக்கு எதிராக இவர் செய்த வேலை இன்றும் பேசப்படுகிறது. டக் ஜான்சன், நோவா பிரிண்டைஸ் என்று இரண்டு குவார்ட்டர்பேக்குகளை ஒவ்வொரு வாய்ப்புக்கும் மாற்றி மாற்றி அனுப்பினார். ஒருவர் களத்தில் இருக்கும்போது மற்றவர் கோச் பக்கத்தில் நின்று அடுத்த ஆட்டத் திட்டத்தைக் காதால் கேட்டுக்கொள்வார். சைகையைத் திருட வழியில்லை. அதுவரை தோல்வியே காணாத அணியை 32-29 என்று வென்றார்கள்.

பெலேவுக்குச் சிலை வைத்த பேட்டை எங்களுடையது. பெரிய ஆட்டக்காரன் நல்ல கோச் ஆகமாட்டான் என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். குவார்ட்டர்பேக்குகள் மட்டும் விதிவிலக்கா?
*– கால்பந்துக் கோச், கௌதமபுரம், அல்சூர்*

உங்கள் பேட்டைக்காரர்கள் சொல்வது இங்கேயும் பெரும்பாலும் பொருந்தும் சார். ஏழு தேசியப் பட்டம் வென்ற நிக் சேபன் கென்ட் ஸ்டேட்டில் தடுப்பாட்டக்காரர். பேர் பிரயன்ட் அலபாமாவில் 'எண்ட்' இடத்தில் ஆடியவர். மைக் லீச் கல்லூரியில் இந்த ஆட்டம் ஆடியதே இல்லை, சட்டம் படித்தவர். எறிகிற ஆட்டத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை.

குவார்ட்டர்பேக்காக இருந்து வென்றவர்களும் உண்டு. பாபி பௌடன் ஹோவர்ட் கல்லூரியில் குவார்ட்டர்பேக். ஜிம் ஹார்பா 1980களில் மிச்சிகனுக்கு ஆடி, அதே மிச்சிகனுக்குக் கோச்சாக 2023 சீசன் பட்டத்தை வாங்கிக்கொடுத்தார். குவார்ட்டர்பேக்குக்கு இருக்கும் ஒரே அனுகூலம், மற்ற பத்துப் பேரின் வேலையையும் அவர் மனப்பாடம் செய்தாக வேண்டும் என்பது. பிரதிகூலமும் அதிலேயே இருக்கிறது: தனக்குக் கண்ணில் பட்டது எல்லோருக்கும் படும் என்று நினைப்பார், பொறுமை இருக்காது. ஸ்பரியரிடம் சரியாகக் கற்றுக்கொண்டவர்களைப் போலவே, ஒரே தவறுக்கு ஓரத்தில் உட்காரவைக்கப்பட்ட குவார்ட்டர்பேக்குகளும் நிறைய.

என் மகன் பி.இ. முடிக்கப் போகிறான். அமெரிக்கக் கல்லூரி அணியில் கோச்சாக வேண்டும் என்கிறான். வழி இருக்கிறதா?
*– தாயார், பானஸ்வாடி*

வாசல் ஒன்று இருக்கிறது, 'கிராஜுவேட் அசிஸ்டன்ட்' என்று பெயர். அந்தப் பல்கலைக்கழகத்தில் முதுகலைப் படிப்புக்குச் சேர்ந்திருக்க வேண்டும். வேலை பெரும்பாலும் இருட்டறையில்: எதிரணியின் வீடியோவை ஒவ்வொரு வாய்ப்பாக வெட்டி, எத்தனையாவது வாய்ப்பு, எத்தனை யார்டு பாக்கி, பந்து எந்த ஹாஷில், என்ன அணிவகுப்பு, என்ன தடுப்பு என்று குறித்துவைப்பது. அதிலிருந்து பயிற்சிக்கு அட்டைகளில் வட்டமும் கோடும் போட்டுப் படம் வரைவது. தரவு கையாளத் தெரிந்த பொறியாளருக்கு இது கைவந்த கலையாகலாம். ஆனால் மாணவர் விசாவில் படிப்பு நடக்கும் காலத்தில் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது. இந்த வேலையோ அதற்குள் அடங்குவது அரிது. முதலில் சின்னக் கல்லூரிகளுக்கு எழுதிக் கேட்கச் சொல்லுங்கள்.

எங்கள் பள்ளியில் ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஃப்ளாக் ஃபுட்பால் ஆரம்பிக்கிறோம். குவார்ட்டர்பேக்கை எப்படிப் பழக்குவது? எல்லாரும் கிரிக்கெட் பந்து மாதிரியே எறிகிறார்கள்.
*– பி.டி. மாஸ்டர், ஆஸ்டின் டவுன்*

பக்கத்துக்கு ஐந்து பேர். 50 யார்டு நீளம், 25 யார்டு அகலம், இரண்டு முனையிலும் 10 யார்டு கோல் பகுதி. அவ்வளவு இடமில்லை என்றால் 30 யார்டில் கூம்பு வைத்து ஆடலாம், அகலத்தை மட்டும் குறைக்காதீர்கள். அகலம் குறைந்தால் எல்லாரும் நடுவில் குவிந்துவிடுவார்கள். இடுப்புப் பட்டையில் இரண்டு கொடி, சட்டை உள்ளே, பாக்கெட் இல்லாத நிக்கர். பாக்கெட்டில் விரல் மாட்டினால் முறிந்துவிடும்.

பந்து விஷயத்தில்தான் பள்ளிகள் கோட்டை விடுகின்றன. பெரியவர்கள் பந்து 11 அங்குல நீளம், 400 கிராமுக்குப் பக்கத்தில். பன்னிரண்டு வயதுக் கைக்கு அது அடங்காது. அடங்காத பந்தைப் பிள்ளை உள்ளங்கையால் தள்ளும், அந்தப் பழக்கம் பிறகு போகாது. 'ஜூனியர்' அல்லது 'யூத்' அளவு வாங்குங்கள்.

பிடி: மோதிர விரலும் சுண்டு விரலும் தையல் மேல், ஆள்காட்டி விரல் பந்தின் முனைக்குப் பக்கத்தில், கட்டைவிரல் அடியில். உள்ளங்கைக்கும் பந்துக்கும் நடுவில் இடைவெளி தெரிய வேண்டும். கிரிக்கெட் பிள்ளைகள் எல்லைக் கோட்டிலிருந்து எறிகிற மாதிரி கையைப் பக்கவாட்டில் கொண்டுபோய் மணிக்கட்டை ஒடிப்பார்கள், பந்து காற்றில் தள்ளாடும். முழங்கை தோளுக்கு மேலே இருக்கட்டும், பந்து காதருகிலிருந்து கிளம்பட்டும், ஆள்காட்டி விரல் கடைசியாகப் பந்தை விடட்டும். எறிந்து முடித்ததும் கட்டைவிரல் எதிர்ப்பக்கத் தொடையைக் காட்டினால் சரி.

முதல் வாரம் ஒற்றை முழங்காலிட்டு 7 யார்டில் எறியவிடுங்கள், ஆளுக்கு 15 தடவை. காலைக் கட்டிப்போட்டால்தான் கை சரியாகும். அடுத்து நின்றபடி 10 யார்டு. முன்கால் இலக்கை நோக்கி ஒரு குட்டி அடி. நீளமாக அடிவைத்தால் பந்து மேலே ஏறிப்போகும். மூன்றாம் வாரம் மூன்று காலடி பின்வாங்கி எறிவது. அப்போதே நேரக் கணக்கையும் சேர்த்துவிடுங்கள்: ரிசீவர் 5 யார்டு ஓடித் திரும்புகிறார், அவர் ஐந்தாவது யார்டில் கால் ஊன்றும் முன்பே பந்து கையை விட வேண்டும். பக்கத்தில் நின்று நீங்கள் கைதட்டுங்கள், தட்டல் கேட்டதும் எறிய வேண்டும், ரிசீவர் முகம் தெரிகிறதோ இல்லையோ. முதலில் பாதிப் பந்து முதுகில்தான் படும். அதனால் பஞ்சுப் பந்தில் தொடங்குவது நல்லது.

பிடிப்பதில் கிரிக்கெட் பிள்ளைகளுக்கு ஒரு லாபம், பந்தோடு கையைப் பின்னால் விடத் தெரியும். நெஞ்சுக்கு மேலே வந்தால் கட்டைவிரல்கள் சேர, இடுப்புக்குக் கீழே வந்தால் சுண்டுவிரல்கள் சேர. வயிற்றோடு அணைத்துப் பிடிக்கவிடாதீர்கள், எகிறிவிடும்.

எதிரணியிலிருந்து குவார்ட்டர்பேக்கைத் துரத்தி வருகிறவர் 7 யார்டு தள்ளித்தான் நிற்க வேண்டும் என்பது விதி. முதல் மாதம் துரத்துகிறவரே வேண்டாம். துரத்தல் வந்ததும் பிள்ளைகள் கண்ணைத் தாழ்த்தி வருகிறவனையே பார்ப்பார்கள், எறிவது மறந்துபோகும். ஜூனிலிருந்து அக்டோபர் வரை நம்மூர் மழையில் தோல் பந்து நீர் குடித்துக் கனத்துவிடும். செயற்கைத் தோல் பந்து வாங்கி, இரண்டு துண்டு கூடவே வைத்துக்கொள்ளுங்கள், ஒன்று பந்துக்கு, ஒன்று கைக்கு.